உறவினர் என்று எழுதப்பட்ட சீனியம்மா

எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சீனியம்மாவுக்கு அன்றைய சோறு இறங்காது. கொட்டாஞ்சேனையில் மீன் வாங்கப் போனால், பேலியகொடையிலிருந்து மீன் எப்படி வருகிறது, ஐஸ் யார் போடுகிறார்கள், மிஞ்சியதை என்ன செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டுவாள்.

"உங்களக் கட்டினவர் என்ன பாடு பட்டாரோ" என்று மீன்காரர் பாயிஸ் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

"கேள்வி தாங்காமத்தாங்க போய்ச் சேந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள் சீனியம்மா.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவள் அவள். கணவன் இறந்தபின் மகள் இராமலெட்சுமியை அண்ணன் வீட்டில் படிக்க விட்டுவிட்டு, கிராண்ட்பாஸில் கடையில் வேலைக்கு நின்ற சொந்தக்காரர் ஒருவர் வழியாகக் கொழும்புக்கு இறங்கினாள். சேர்ந்த வீடு ஜம்பட்டா வீதியை ஒட்டிய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி. வீட்டுக்காரர் யேசுரட்ணம் துறைமுகத்தில் கிளார்க். மனைவி டோரின் பள்ளிக்கூட ஆசிரியை. மகள் அனிற்றா பிறந்து சில மாதங்களிலேயே டோரின் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சீனியம்மாவின் இடுப்பில்தான் வளர்ந்தது. பேசத் தொடங்கியதும் 'சீனி' என்று கூப்பிட்டது.

அந்த வீட்டில் சீனியம்மாவுக்குத் தனித்தட்டுக் கிடையாது. ஒரே மேசை, ஒரே சோறு. 'வேலைக்காரி' என்ற சொல்லை டோரின் வாயில் எடுத்ததே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. டோரினின் தாய் ஹெவ்லொக் டவுனில் ஒரு பெரிய வீட்டில் சமைத்தவள். அந்தச் சொல் மாடிப்படியின் உச்சியிலிருந்து குசினிக்குள் விழுவதைக் கேட்டு வளர்ந்தவள் டோரின். இதை ஒரு மழை நாளில், பிள்ளையின் தலைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது, சீனியம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

கொழும்புக் கோட்டையில் பெரிய குண்டு வெடித்த வருஷம் அது. கண்ணாடி உடைந்த வீட்டுக்காரரும் உடையாத வீட்டுக்காரரும் காப்புறுதியைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். யேசுரட்ணத்தோடு ஒன்றாகப் படித்த நோபேட் காப்புறுதிக் கொம்பனி ஒன்றின் முகவர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அவர் ஏறாத மாடி இல்லை. ஒரு சனிக்கிழமை இந்த மாடிக்கும் ஏறி வந்தார்.

தேத்தண்ணி கொண்டுவந்த சீனியம்மா, தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"வீட்டுச் சாமானுக்குத் தீ, களவு, கலவரம் எல்லாம் வருது, மச்சான்" என்றார் நோபேட். "அதோட இன்னும் கொஞ்சம் கட்டினால் வீட்டில வேலை செய்யிற ஆளுக்கும் காப்பு வரும். வேலை செய்யேக்க விழுந்தால், கை கால் முறிஞ்சால், ஆஸ்பத்திரிச் செலவு கொம்பனியின்ர பொறுப்பு. இல்லாட்டி உன்ர பொறுப்பு. சட்டம் அப்பிடித்தான்."

"யாரு, நானுங்களா?" என்றாள் சீனியம்மா.

"ஓம். டிவி, அலுமாரி, பிரிட்ஜ், அதுக்குக் கீழ நீங்க."

"பிரிட்ஜுக்குக் கீழயா எழுதுறீங்க?"

யேசுரட்ணம் சிரித்துத் தேத்தண்ணியைக் கட்டியிருந்த சாரத்தில் ஊற்றிக்கொண்டார். சீனியம்மா விடவில்லை. "என்னைய வந்து பாக்க மாட்டாங்களா? மாடு வாங்குறவனே பல்லப் புடிச்சுப் பாக்குறானே. நான் நல்லா இருக்கனா, ஏற்கெனவே முடமான்னு கொம்பனிக்கு எப்புடித் தெரியும்?"

"ஏதும் நடந்தால் பிறகு வந்து பாப்பாங்கள்."

"நடந்த பொறகா? அப்ப பாத்து என்னா பண்றது?"

"அதைத்தான் நானும் இருபது வருஷமாக் கேக்கிறன்" என்றார் நோபேட்.

டோரினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "வேலையாள் எண்டு எழுத வேண்டாம், நோபேட். ஏதோ மாதிரி இருக்கு. எங்கட சொந்தம் எண்டு எழுதுங்கோவன்."

"சொந்தம் எண்டு எழுதினால் கொம்பனி ஒரு சதமும் தராது, டோரின். வீட்டு ஆக்கள் விழுந்தால் அது வீட்டுக் கஷ்டம். வேலையாள் விழுந்தால்தான் காப்புறுதி."

டோரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நோபேட் எழுத வேண்டியபடியே எழுதினார். அன்று முழுவதும் சீனியம்மாவின் மனம் அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. தன்னைக் கண்ணால் காணாத எவனோ ஒருவன், எங்கோ ஒரு கொம்பனிக் கந்தோரில், தன் கையும் காலும் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அது அவளுக்கு விசித்திரமாகவும் கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

சில மாதங்கள் கழித்து, வீட்டில் இருப்போரின் பெயர்ப் பட்டியலைப் புதிதாகத் தரும்படி பொலிஸார் வீதி வீதியாகச் சொல்லிப் போனார்கள். முத்திரை குத்திய பிரதி ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கவேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் அதை வைத்துத்தான் தலையை எண்ணுவார்கள். சீனியம்மாவுக்கு அடையாள அட்டை இன்னும் வரவில்லை. தோட்டத்துக் கந்தோர் கொடுத்த கடிதம் மட்டும்தான் இருந்தது.

யேசுரட்ணம் பேனையைப் பிடித்தபடி யோசித்தார். "வேலையாள் எண்டு எழுதினால் எந்தத் தோட்டம், ஆர் கூட்டிவந்தது, அட்டை எங்க எண்டு ஆயிரம் கேப்பாங்கள். உறவினர் எண்டு போட்டால் ஒண்டோட போயிடும்."

"அதுதானே உண்மையும்" என்றாள் டோரின், சந்தோஷமாக.

"என்னா உறவுங்கய்யா?" என்றாள் சீனியம்மா.

"என்னெண்டு?"

"யாராச்சும் கேட்டாச் சொல்லணுமில்ல. அத்தையா, சித்தியா?"

"கேக்க மாட்டாங்கள்."

"கேட்டா?"

"சித்தி எண்டு சொல்லுங்கோ, போங்கோ."

யேசுரட்ணத்துக்கு அவளைவிட நான்கு வயது கூட. சித்தியாவது எப்படி என்று குசினியில் கணக்குப் பார்த்து, அவர் தகப்பனுக்குத் தம்பி ஒருவனை உண்டாக்கி, அவனுக்குத் தன்னை இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்து, ஒருவாறு முடித்தாள் சீனியம்மா. வீட்டைச் சோதிக்க இரண்டு தடவை வந்தார்கள். ஒருவனும் கேட்கவில்லை. கட்டிய கதை வீணாகிப் போனதில் அவளுக்கு உள்ளுக்குள் ஏமாற்றம்தான்.

மழை பொய்த்து நாடு முழுவதும் மின்வெட்டு வந்த காலத்தில்தான் அவள் விழுந்தாள். வானம் கறுத்துவிட்டதென்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் காய்ந்த உடுப்பை எடுக்கப் போனவள், திரும்பி இறங்கும்போது கரண்ட் போய்விட்டது. அந்தப் படிக்கட்டுக்கு ஜன்னல் இல்லை. பகலிலும் விளக்கில்லாமல் குகைதான். யாரோ தண்ணீர் வாளியைப் படியில் வைத்திருந்தார்கள். கால் அதில் பட்டது. இடது கையால் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வலது கையை ஊன்றினாள். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. "சீனி விழுந்த, சீனி விழுந்த" என்று கைதட்டியது. சீனியம்மாவின் வலது மணிக்கட்டு, பார்க்கும்போதே தெரியுமளவு, ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த இளம் டொக்டர், எலும்பு விலகியிருக்கிறது, வெட்டிக் கம்பி வைத்து நேராக்க வேண்டும், இரண்டு கிழமைக்குள் செய்யாவிட்டால் கோணலாகவே பொருந்திவிடும் என்றார். ஆனால் வடக்கில் நடந்த சண்டையில் காயப்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவளுக்குக் கிடைத்த திகதி ஒரு மாதம் தள்ளி.

"கோணலாச் சேந்தா கொழுந்தெடுக்க முடியுங்களா?" என்று கேட்டாள்.

டொக்டர் தேயிலைத் தோட்டத்தைப் படத்தில்தான் பார்த்திருந்தார். "எப்படி எடுப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

இடது கையால் காட்டினாள். இரண்டு விரலுக்கு நடுவில் தளிரைப் பிடித்து, மணிக்கட்டை ஒரு சுழற்று, அடுத்தது, அடுத்தது.

டொக்டர் அந்தச் சுழற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது வராது. பாரமும் தூக்க ஏலாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் எதுவும் கேட்கவில்லை. பிள்ளை தூக்க முடியாத கைக்குக் கொழும்பில் வேலையில்லை. கொழுந்து எடுக்க முடியாத கைக்கு மலையில் வேலையில்லை. இராமலெட்சுமிக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு மிச்சம். தனியார் ஆஸ்பத்திரியில் உடனே செய்வார்கள். அந்தச் செலவை யேசுரட்ணம் எங்கே கடன் பட்டாலும் புரட்ட முடியாது.

"அதுக்குத்தானே காப்புறுதி" என்றார் நோபேட். மறுநாளே விண்ணப்பம் போனது. அந்தக் கிழமையே, விசாரிக்க ஒருவர் வந்தார். பெயர் ஹுசைன். கிராண்ட்பாஸ்காரர். நரைத்த தாடி, மடிப்புக் கலையாத சேட்டு. வந்ததும் படிக்கட்டில் நின்று, வாளி எங்கே இருந்தது, எந்தப் படி என்று கேட்டுக் குனிந்து பார்த்தார். சீனியம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. தன்னைப்போல ஒருவரை அவள் கொழும்பில் அதுவரை சந்தித்ததில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்ததும், டோரின் அவர் கேட்கும் முன்பே தொடங்கினாள். "இவவை நாங்க வேலைக்காரி எண்டு ஒருநாளும் நினைச்சதில்லை. எங்களோட ஒண்டா இருந்து சாப்பிடுறவ. என்ர கூடப்பிறந்த அக்கா மாதிரி. பிள்ளைக்கு என்னைவிட இவதான் தாய்."

நோபேட் மேசைக்கடியில் அவள் காலைத் தட்டினார். டோரின் தன் காலை இழுத்து வைத்துக்கொண்டு மேலே சொன்னாள். "சம்பளம் எண்டுகூட நாங்க சொல்றதில்லை. மகளின்ர படிப்புக்கு அனுப்புறம்."

ஹுசைன் எழுதவில்லை. "பொலிஸ் லிஸ்ட் ஒண்டு இரிக்குமே, அத ஒருக்காக் காட்டுங்க. இவங்க இங்கதான் தங்கினதுண்டு காட்ட அது வேணும்."

யேசுரட்ணம் எழும்பிப் போய் எடுத்துவந்தபோதே அவர் முகம் வெளிறியிருந்தது. எடுக்கும்போதுதான் நினைவு வந்திருக்கவேண்டும். ஹுசைன் வாசித்தார். பிறகு பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"மிஸ், நீங்க செல்றதெல்லாம் நல்ல விஷயம். இந்தக் காலத்துல யாரு இப்பிடி வெச்சிக்கிறாங்க? ஆனா நீங்க இப்பிடிச் செல்லச் செல்ல இவங்கட கைக்கு வார காசு தூரப் போகுது. சொந்தக்காரருக்கு இந்தக் காப்புறுதி இல்ல. நீங்களும் சொந்தம் எங்கிறீங்க, பொலிஸும் சொந்தம் எங்குது. நான் என்னத்த எழுத?"

சீனியம்மா பிளாஸ்டர் கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து கேட்டாள். "சார், கொம்பனிக்கு வேலைக்காரின்னா யாருங்க? எப்புடிக் கண்டுபுடிப்பாங்க?"

ஹுசைன் அவளை உற்றுப் பார்த்தார். கேலி இல்லை என்று கண்டதும் நிதானமாகச் சொன்னார். "என்ன வேலை செய்யணும், எப்ப செய்யணுமெண்டு ஒருத்தர் செல்லணும். அதுக்குக் கூலி இரிக்கணும். அத உங்கட கையில தந்தாலும் ஒண்டுதான், மகளுக்கு அனுப்பினாலும் ஒண்டுதான்."

"அவ்வளவுதாங்களா?"

"இன்னொண்டு இரிக்குது. அத நான் எல்லாரிட்டயும் கேக்கிறது. நீங்க நாளைக்குப் போயிட்டா, உங்கட எடத்துக்கு இன்னொருத்தர வெப்பாங்களா?"

"இல்லை" என்றாள் டோரின் உடனே. கண் கலங்கிவிட்டது. "இவவின்ர இடத்துக்கு ஒருத்தரும் வரமாட்டினம்."

ஹுசைன் சீனியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீனியம்மா யோசித்தாள். இதுவரை ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவளும் தன்னிடம் கேட்டதில்லை. டோரினைப் பார்த்தாள். காலையில் சேலைக்கு ஊசி குத்த நேரமில்லாமல் ஓடுகிற டோரின், கூப்பன் அரிசிபோல நேரத்தை அளந்து வாழ்கிற யேசுரட்ணம், வாசலில் நின்று அழுகிற பிள்ளை.

"வெப்பாங்க சார்" என்றாள். "வெக்கத்தானே வேணும்? மிஸ் பள்ளிக்கூடம் போனா புள்ளைய யாரு பாக்குறது? நான் வேலைக்காரிதாங்க. நல்ல எடத்து வேலைக்காரி."

டோரின் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

"நீங்க செல்றத நான் நம்புறேன்" என்றார் ஹுசைன். "ஆனா ஒரு ஆளுக்கு ரெண்டு எழுத்து இரிக்க ஏலா. பொலிஸ் லிஸ்ட்ட மாத்திக்கிட்டு வாங்க, அண்டைக்கே எழுதித் தாரேன்."

அவர் போனபிறகு யேசுரட்ணம் வெகுநேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொலிஸுக்குப் போய், நான் கொடுத்தது பிழை என்று ஒரு தமிழன் சொல்வதா? உறவினர் அல்லாத ஒருத்தியை உறவினர் என்று எழுதி, அட்டையும் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தேன் என்றா? துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த ஒருவன், இதைவிடச் சின்னதற்கு உள்ளே போய் மூன்று மாதம் கழித்து வந்தான்.

"நாளைக்குப் போவம்" என்றார்.

மறுநாளும் அப்படியே சொன்னார். சீனியம்மா அவரை நெருக்கவில்லை. ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, கடிதத்தைக் காட்டியும் விடாமல், பொழுது சாயும்வரை பொலிஸ் முற்றத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அந்தப் பயத்தின் நிறை அவளுக்குத் தெரியும். ஆனால் பிளாஸ்டருக்குள் எலும்பு தன்பாட்டில் பொருந்திக்கொண்டிருந்தது. அதுவும் தெரியும். மூன்றாம் நாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்பும்போது, சேலை மாற்றி வாசலில் நின்றாள்.

"பொய்யா எழுதுனது என்னையப் பத்தித்தானே ஐயா. நானும் வாரேன். கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"என்னத்தைச் சொல்லுவீங்க?"

"என்னா கேப்பாங்கன்னு தெரியாம எப்புடிச் சொல்றது?"

யேசுரட்ணம் சிரிக்க முயன்றார். வரவில்லை. ஆனால் நடந்தார்.

பொலிஸில் பட்டியலுக்குப் பொறுப்பான சார்ஜன் வயிறு தள்ளிய மனுஷன். யேசுரட்ணம் துறைமுகத்தில் பழகிய நல்ல சிங்களத்தில் தொடங்கி, பாதியில் சொல் தடுமாறி, வியர்த்து நின்றார். சார்ஜன் பட்டியலையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரன் எழுதுவதை நிறுத்தினான்.

"உறவு இல்லாதவளை ஏன் உறவு என்று எழுதினாய்?" என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன். குரல் தாழ்ந்திருந்தது. அது நல்ல அடையாளமில்லை.

சீனியம்மா ஒரு எட்டு முன்னால் வந்தாள். அவளுடைய சிங்களம் தோட்டத்துக் கடைவீதிச் சிங்களம். "வெட்கத்துக்கு, மாத்தயா."

"என்ன வெட்கம்?"

"வேலைக்காரி வைத்திருக்கிறோம் என்று சொல்ல இவர் வீட்டு நோனாவுக்கு வெட்கம். எழுதவும் விடமாட்டார்கள். நான் பிள்ளை பார்க்க வந்தவள். இதோ தோட்டத்துக் கடிதம். இப்போது கை முறிந்துவிட்டது. வேலைக்காரி என்று இருந்தால்தான் காப்புறுதிக்காரர் மருந்து செய்வார்கள்."

அது முழு உண்மை இல்லை. ஆனால் அதில் பொய்யும் இல்லை. சார்ஜன் கடிதத்தை வாசித்தார். பிளாஸ்டரை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரனைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "கேட்டாயா? இவன் பெண்சாதிக்கு வேலைக்காரி இருக்கிறாள் என்று வெட்கம். என் பெண்சாதிக்கு இல்லை என்று வெட்கம்!"

இருவரும் சிரித்தார்கள். சார்ஜன் புத்தகக் கட்டைத் தூக்கிக் காட்டினார். "ஒக்கொம நேயோ! எல்லாரும் உறவாம்! கொட்டாஞ்சேனை முழுக்கச் சொந்தக்காரர்தான். எங்களுக்குத் தெரியாதா?" சிவப்பு மையால் 'உறவினர்' என்பதை வெட்டி, மேலே 'பணியாள்' என்று எழுதி முத்திரை குத்தினார். பேனையை வைக்குமுன், சிரிப்பில்லாத குரலில் ஒன்று சொன்னார்: அடையாள அட்டை வரும்வரை இவள் மாதாமாதம் இங்கே வந்து முகம் காட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் ஆள் அனுப்புவார்.

இவ்வளவு நாளும் உறவினர் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தவள் சீனியம்மா. இனி அது முடியாது. கேற்றைத் தாண்டியதும் யேசுரட்ணம் மதிலில் கையை ஊன்றி நின்றார். "உங்களுக்குப் பயமா இருக்கேல்லையா?"

"இருந்திச்சுங்க. ஆனா அவரு பொஞ்சாதி ஏன் வேலைக்கு ஆள் வெக்கலன்னு கேக்கணும்போல இருந்திச்சு. கேட்டாத் திட்டுவாரோன்னு விட்டுட்டேன்."

ஹுசைன் சொன்னபடி அன்றைக்கே எழுதினார். கொம்பனி பொறுப்பேற்றது. குறித்த காலம் முடிவதற்குச் சற்று முன்பாகவே, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், சீனியம்மாவின் மணிக்கட்டைத் திறந்து கம்பி வைத்தார்கள். கண் விழித்ததும், கம்பி எவ்வளவு நீளம், துருப் பிடிக்காதா, செத்தால் எடுப்பார்களா என்று நர்ஸிடம் கேட்டாள். பார்க்க வந்தவர்கள் யேசுரட்ணமும் நோபேட்டும். டோரின் வரவில்லை. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று யேசுரட்ணம் சொன்னார். அது உண்மைதான் என்று நினைத்துக்கொள்ள சீனியம்மா முயன்றாள்.

நான்காம் நாள் வீட்டுக்குத் திரும்பினாள். படியேறி வந்தபோது, உள்ளே தெரியாத குரல் ஒன்று பிள்ளைக்குச் சோறூட்டப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. இருபது வயதுகூட இருக்காத ஒரு பெண். அனிற்றா அவள் மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"இது றஞ்சிதம்" என்றாள் டோரின், குசினி வாசலில் நின்றபடி. அந்த விசாரணை நாளுக்குப் பிறகு சீனியம்மாவின் முகத்தைப் பார்த்து அவள் பேசுவது அப்போதுதான். "உங்கட கை சுகமாகிறவரைக்கும் உதவிக்கு."

வைப்பார்கள் என்று தானே சொன்னது வேறு. வைத்திருப்பதைக் கண்ணால் காண்பது வேறு. சீனியம்மாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஒரு கணம்தான். பிறகு வழக்கம்போல அந்தப் பெண்ணின் மேல் கண் போனது. எந்த ஊர், யார் பிள்ளை, பாரத்தை எந்த இடுப்பில் வைத்துத் தூக்குகிறாள், அந்தப் படிக்கட்டை யாராவது காட்டி எச்சரித்தார்களா?

"இவள எழுதிட்டீங்களா மிஸ்?"

"ஓம். நோபேட்டைக் கூப்பிட்டு எழுதியாச்சு. பொலிஸிலயும் குடுத்தாச்சு."

"என்னான்னு?"

டோரின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாடிக்கொண்டிருந்த றஞ்சிதம் நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள்.

"வேலைக்காரி எண்டு" என்றாள் டோரின். சொல்லிவிட்டு, கதிரை ஒன்றை இழுத்து சீனியம்மாவுக்குப் போட்டாள். "உங்களையும் அப்பிடித்தான். இருங்கோ. கையைத் தூக்கி மேசையில வையுங்கோ. டொக்டர் என்ன சொன்னவர்?"

"திருப்பிப் பழகச் சொன்னாரு மிஸ். சாவி திருப்புற மாதிரி."

"எங்க, திருப்பிக் காட்டுங்கோ."

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கியிருந்தன. சீனியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். கை கொஞ்சம் போனது, நின்றது, இன்னும் கொஞ்சம் போனது.